நிக்குக்கு இது எப்படித் தெரியும்? கேட்ஸ்பியை வகுப்பறையில் வாசிப்பது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 11 ஆம் வகுப்பு ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் அமெரிக்க இலக்கியம்தான். அதில் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யைத் தொடாமல் பள்ளியை முடிக்கும் பிள்ளைகள் குறைவு. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் ஏதாவது ஓர் ஆண்டு அந்த மெல்லிய புத்தகம் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும். கூடவே ஒரு ஒர்க்‌ஷீட்டும் வரும். இடது பக்கம் பொருள்கள்: பச்சை விளக்கு, சாம்பல் பள்ளத்தாக்கு, விளம்பரப் பலகையில் கண்ணாடி போட்ட இரண்டு கண்கள். வலது பக்கம் அவை எதைக் குறிக்கின்றன என்று எழுதக் காலியிடம். பச்சை விளக்குக்கு எதிரே ‘அமெரிக்கக் கனவு’ என்று நிரப்பிக் கொடுத்தால் நாவல் முடிந்தது. இந்தத் தாள் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் வரும் விடைகளில் பெரிய பிழை கிடையாது. ஆனால் அந்த விளக்குக்கு அப்படியொரு அர்த்தம் இருக்கிறது என்று நமக்குச் சொன்னது யார், அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை அந்தத் தாள் கேட்பதே இல்லை.

இந்த நாவலில் நமக்குத் தெரிவதெல்லாம் நிக் கேரவே சொல்லித் தெரிவதுதான். புதுப் பணக்காரன் கேட்ஸ்பியின் பக்கத்து வீட்டுக்காரன், கேட்ஸ்பி காதலிக்கும் டெய்சிக்குத் தூரத்து உறவு, நியூயார்க்கில் கடன் பத்திர வியாபாரம் பழக வந்தவன். 1922 கோடையில் நடந்ததை இரண்டு ஆண்டு கழித்து நினைத்துப் பார்த்துச் சொல்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவனே அதைச் சொல்லிவிடுகிறான். யாரையும் அவசரப்பட்டு எடைபோடுவதில்லை என்று முதல் பக்கத்தில் சொல்பவன், அந்த அத்தியாயம் முடிவதற்குள் டெய்சியின் கணவன் டாம் பியூகேனனை எடைபோட்டு முடித்திருப்பான். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரியில், தனக்குத் தெரிந்த ஒருசில நேர்மையான மனிதர்களில் தானும் ஒருவன் என்கிறான். ஒருவர் நேரில் உட்கார்ந்து இப்படிச் சொன்னால் நாம் சற்று எச்சரிக்கையாகத்தான் கேட்போம். வகுப்பில் மட்டும் அவன் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறோம். நாவல் முழுவதற்கும் ஒரே கேள்வி போதும் என்பது என் துணிபு: நிக்குக்கு இது எப்படித் தெரியும்?

தொடங்குவதில் வரும் சிக்கல்

பெரும்பாலான வகுப்புகள் தடுமாறுவது முதல் நாளிலேயே. ஜாஸ் காலம், மதுவிலக்கு, முதல் உலகப்போர், ஃபிட்ஸ்ஜெரால்டின் திருமண வாழ்க்கை என்று ஸ்லைடு ஸ்லைடாக ஒரு மணி நேரம் ஓடும். புத்தகத்தைத் திறக்கும் முன்பே இது எதைப் பற்றிய நாவல் என்று சொல்லியாயிற்று. அதன்பின் மாணவர்கள் தேடுவது அதை மட்டும்தான். பின்னணியைத் தேவைப்படும் இடத்தில் ஐந்து நிமிடம் சொன்னால் போதும். ஏழாம் அத்தியாயத்தில் டாம் கேட்ஸ்பியைக் காட்டி, இவனும் இவன் கூட்டாளி வுல்ஃப்ஷைமும் சந்துபொந்தில் இருக்கும் மருந்துக் கடைகளை வாங்கிப்போட்டார்கள் என்கிறான். மருந்துக் கடை வைத்திருப்பதில் என்ன குற்றம் என்று பிள்ளைகள் விழிப்பார்கள். 1920 ஜனவரியில் மதுவிலக்கு நாடு முழுதும் அமலானது, ஆனால் டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம், அதனால் கள்ளச் சாராயத்துக்கு மருந்துக் கடைதான் நல்ல முகமூடி என்று அங்கே சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு வாக்கியம் முதல் நாள் சொற்பொழிவு முழுவதையும்விட ஆழமாக இறங்கும்.

பணத்தையும் அப்படித்தான் கற்பிக்க வேண்டும், நாவலுக்குள் இருக்கும் எண்களை வைத்தே. நிக்கின் வீட்டு வாடகை மாதம் 80 டாலர். அதற்கு இருபுறமும் உள்ள மாளிகைகளின் வாடகை ஒரு பருவத்துக்கு 12,000 முதல் 15,000 டாலர். கல்யாணத்துக்கு முதல் நாள் டாம் டெய்சிக்குக் கொடுத்த முத்து மாலையின் மதிப்பு 3,50,000 டாலர். அதை 80 ஆல் வகுத்து, பிறகு 12 ஆல் வகுக்கச் சொன்னால் நிக்கின் வாடகை 364 ஆண்டுக்கு வரும். இன்றைய மதிப்புக்கு மாற்றும் அட்டவணையே வேண்டாம். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். மூன்றாம் அத்தியாயத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நியூயார்க்கிலிருந்து ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் வந்து இறங்குகின்றன. திங்கட்கிழமை அவை சதையில்லாத பாதித் தோல்களாகப் பின்வாசல் வழியே வெளியேறுகின்றன. சமையலறையில் ஒரு பிழியும் இயந்திரம். அரை மணி நேரத்தில் 200 ஆரஞ்சு பிழியும், ஒரு பட்லர் தன் கட்டைவிரலால் 200 தடவை பொத்தானை அழுத்தினால். விருந்தின் பளபளப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வதைவிட, அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று கேட்பது நல்ல கேள்வி.

நாள் கணக்கில் ஒரு எச்சரிக்கை. நாவல் சிறியது: ஒன்பது அத்தியாயம், வழக்கமான பேப்பர்பேக்கில் 180 பக்கம் அளவு. 50 நிமிட வகுப்பாக இருந்தால் மூன்று வாரத்தில் நிதானமாக முடிக்கலாம். ஆனால் ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்தால் ஏழாவதில் மாட்டிக்கொள்வோம். அதுதான் இருப்பதிலேயே நீளமானது, எல்லாம் உடைவதும் அதில்தான். டெய்சி வீட்டு மதியச் சாப்பாடு, பிளாசா ஹோட்டல் அறை, கார் விபத்தும் அதன் இரவும் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே இரவில் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் சுருக்கம் படித்துவிட்டு வருவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மூன்று நிறத் தாள்

பள்ளிப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்பதால் ஒட்டுத்தாள்தான் வழி. மூன்று நிறம் போதும். நிக் தன் கண்ணால் பார்த்ததற்கு மஞ்சள். இன்னொருவர் அவனிடம் சொன்னதற்கு நீலம். அவன் ஊகித்ததற்கு, மனதுக்குள் கட்டிக்கொண்டதற்கு இளஞ்சிவப்பு. ஓர் அத்தியாயத்துக்கு ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு தாள் என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் புத்தகம் முழுக்கத் தாளாகி எதுவும் கண்ணில் படாது. ஒவ்வொரு தாளிலும் மூன்று விஷயம்: பக்க எண், யார் சொன்னது, எப்போது சொன்னது. அந்த ‘எப்போது’வைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதில்தான் பலன் அதிகம்.

முதல் வாரம் எல்லாரும் எல்லாவற்றுக்கும் மஞ்சளையே ஒட்டுவார்கள். ‘நான்’ என்று ஒருவன் கதை சொன்னால் அவன் எல்லாவற்றையும் பார்த்திருப்பான் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. இரண்டாம் அத்தியாயத்திலேயே அதை அசைத்துப் பார்க்கலாம். டாமின் கள்ளக்காதலி மர்ட்டிலின் அடுக்ககத்தில் நிக் குடித்திருக்கிறான். வாழ்க்கையில் இரண்டே தடவைதான் குடித்து மயங்கியிருக்கிறேன், அதில் இது இரண்டாவது என்று சொல்லியும் விடுகிறான். அந்த இரவின் முடிவில் வாக்கியங்கள் புள்ளி புள்ளியாக அறுந்து, காட்சியிலிருந்து காட்சிக்குத் தாவுகின்றன. பார்த்ததுதான், ஆனால் எவ்வளவு நினைவிருக்கும்? மஞ்சளா இளஞ்சிவப்பா என்று வகுப்பு சண்டை போட்டால் போடட்டும்; அந்தச் சண்டை தேவை.

நான்காம் அத்தியாயத்தில் வருவது வேறு வகைத் தடுமாற்றம். 1917 அக்டோபரில் லூயிவில் நகரில் டெய்சியை ஓர் இளம் ராணுவ அதிகாரியோடு பார்த்ததாக ஒரு ‘நான்’ சொல்கிறது. அந்த ‘நான்’ டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கர். அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரியில் அது சொல்லப்பட்டிருக்கும். வேகமாகப் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய், நிக்குக்கு லூயிவிலில் என்ன வேலை என்று குழம்புவார்கள். அந்த வரியை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு மேலே போவது நல்லது. ஜோர்டன் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. அவள் நேர்மையில்லாதவள் என்று முந்தைய அத்தியாயத்தில்தான் நிக் சொல்லியிருக்கிறான். டெய்சியின் காதல் கதைக்கு நம்மிடம் உள்ள முதல் சாட்சி அவள்.

‘எப்போது’ என்பதன் பயன் ஆறாம் அத்தியாயத்தில் தெரியும். ஜேம்ஸ் கேட்ஸ் என்ற ஏழை வீட்டுப் பையன் 17 வயதில் கோடீஸ்வரர் டான் கோடியின் படகைப் பார்த்து ஜே கேட்ஸ்பி ஆன கதை அங்கேதான் வருகிறது. உடனே நிக் ஒரு வரி சேர்க்கிறான்: இதையெல்லாம் அவன் என்னிடம் வெகு பிற்பாடுதான் சொன்னான், வதந்திகளை ஒழிப்பதற்காக இங்கே வைத்திருக்கிறேன். எவ்வளவு பிற்பாடு என்பது எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. விபத்து நடந்து, டெய்சி கைவிட்டுப் போய், எல்லாம் முடிந்த அந்த இரவில். அதாவது கடைசியில் கேட்ட கதையை நிக் தூக்கி, பிளாசா ஹோட்டல் சண்டைக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறான். அதனால் டாம் கேட்ஸ்பியைக் கள்ளச் சாராயக்காரன் என்று தோலுரிக்கும்போது நாம் ஏற்கெனவே அந்தப் பையனின் பக்கம் நின்றுகொண்டிருக்கிறோம். சொன்ன வரிசையிலேயே எழுதியிருந்தால் அந்த அறையில் நம் அனுதாபம் எங்கே இருந்திருக்கும்? நல்ல கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வியே போதிய தீனி.

குளத்தருகே அந்த மதியம்

வகுப்பு திரும்பும் இடம் எட்டாம் அத்தியாயத்தில், கேட்ஸ்பி சுடப்பட்டுச் சாகும் பக்கத்தில் இருக்கிறது. ஒரு முழு வகுப்பை அந்த ஒரு பக்கத்துக்கே கொடுக்கலாம். 2021 ஜனவரி 1 முதல் நாவல் அமெரிக்காவில் பதிப்புரிமை தீர்ந்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பக்கத்தை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்து, பென்சிலால் தாராளமாகக் கிறுக்கச் சொல்லலாம்.

முதலில் நிக் எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள். அவன் அங்கே இல்லை. நகரத்தில் அலுவலகத்தில் இருக்கிறான். கேட்ஸ்பி வீட்டுக்கு நான்கு தடவை போன் போட்டுப் பார்க்கிறான், லைன் கிடைக்கவில்லை. ரயில் அட்டவணையில் 3:50 வண்டியை வட்டமிட்டு வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் அவனுக்கு நேரடியாகத் தெரிந்தது. பிறகு கேட்ஸ்பியின் கடைசி மணி நேரம் வருகிறது. இரண்டு மணிக்கு நீச்சல் உடை மாற்றிக்கொண்டான், போன் வந்தால் குளத்துக்கு வந்து சொல்லும்படி பட்லரிடம் சொன்னான்: இது பட்லர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். காற்று மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், நடுவில் ஒரு தடவை நின்று அதைச் சரிசெய்தான், உதவி வேண்டுமா என்று டிரைவர் கேட்டதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டு மஞ்சளாகத் தொடங்கியிருந்த மரங்களுக்கிடையே மறைந்தான்: இது டிரைவர் பார்த்தது. மரங்களுக்கு அப்பால் போனதும் சாட்சிகள் தீர்ந்துவிட்டார்கள். இதுவரை எல்லாம் நீலம்.

அதற்கடுத்த பத்தியில் மொழியே மாறுகிறது. அந்த அழைப்பு வரும் என்று கேட்ஸ்பியே நம்பவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது என்கிறான் நிக். ஒருவேளை அவன் அதைப் பொருட்படுத்தாமலும் இருந்திருக்கலாம் என்கிறான். அது உண்மையானால், பழைய இதமான உலகத்தை இழந்துவிட்டதாகவும், ஒரே கனவோடு நெடுநாள் வாழ்ந்ததற்குப் பெரிய விலை கொடுத்ததாகவும் அவன் உணர்ந்திருக்க வேண்டும் என்கிறான். தோன்றுகிறது, ஒருவேளை, உண்மையானால், உணர்ந்திருக்க வேண்டும். நான்கு தாங்குகட்டைகளின் மேல் அந்தப் பத்தி நிற்கிறது. அறிமுகமில்லாத வானம், அச்சமூட்டும் இலைகள், விகாரமாகத் தெரியும் ரோஜா எல்லாமே அந்த ‘இருக்க வேண்டும்’ என்பதற்குக் கீழேதான் வருகின்றன. வாசிக்கும்போது நாம் குளத்துக்குள்ளேயே இருப்பதுபோல் இருக்கும். உண்மையில் நிக்கின் தலைக்குள் இருக்கிறோம்.

இப்போது அதே மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைப் பாருங்கள். கேட்ஸ்பி ‘ஒரே கனவோடு நெடுநாள் வாழ்ந்ததற்குப் பெரிய விலை கொடுத்தான்’ என்று மேற்கோள் போட்டிருப்பார்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்கள் சரியாக இருக்கும். அதற்கு முன்னால் இருந்த ‘அது உண்மையானால்’ மட்டும் காணாமல் போயிருக்கும். நாவல் நிபந்தனையோடு சொன்ன ஒன்றை நிரூபிக்கப்பட்ட முடிவாக்கி, அதன்மேல் ஐந்து பத்தி கட்டியிருப்பார்கள். அவரவர் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு அந்த அச்சுத் தாளைப் பார்க்கச் செய்தால், நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை. 2013 இல் பாஸ் லுர்மன் இயக்கிய படத்தின் அதே காட்சியை அதற்குப் பிறகு போட்டுக் காட்டலாம். படத்தில் போன் ஒலிக்கிறது. டெய்சிதான் என்று நம்பிக் குளத்திலிருந்து எழும்போது கேட்ஸ்பி சுடப்படுகிறான். நாவலில் அழைப்பே வரவில்லை. அவன் நம்பியிருக்க மாட்டான் என்பது நிக்கின் ஊகம். கேமரா ‘ஒருவேளை’ என்று சொல்ல முடியாமல் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. படத்தை நாவலுக்கு முன்னால் காட்டக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். முதலில் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இளஞ்சிவப்புப் பத்தி கண்ணில் படவே படாது.

பச்சை விளக்குக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்க வேண்டும். அது முக்கியமாக மூன்று இடத்தில் வருகிறது. முதல் அத்தியாயத்தின் முடிவில் இருட்டில் ஒருவன் கைகளை நீட்டி நிற்கிறான், தூரத்தில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம். அது யாருடைய விளக்கு என்று அப்போது நிக்குக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சுத்தமான மஞ்சள். ஐந்தாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பி டெய்சியிடம், உன் படகுத்துறையின் முனையில் இரவெல்லாம் ஒரு பச்சை விளக்கு எரியும் என்கிறான். சொல்லிவிட்டு ஏதோ யோசனையில் ஆழ்கிறான். அந்த விளக்கின் மாபெரும் முக்கியத்துவம் இனி இல்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கக்கூடும் என்று நிக் எழுதுகிறான். தோன்றியிருக்கக்கூடும்! ஒர்க்‌ஷீட்டின் வலது பக்கக் கட்டத்தில் உறுதியாக நிரப்பப்படும் விஷயம் நாவலில் இப்படி ஒரு ஊகமாகத்தான் உள்ளே வருகிறது. கடைசிப் பக்கத்தில் நிக் மறுபடி அதைச் சொல்லும்போது தயக்கம் எதுவும் இல்லை: கேட்ஸ்பி அந்தப் பச்சை விளக்கை நம்பினான். பார்த்தது ஊகமாகி, ஊகம் தீர்ப்பாகியிருக்கிறது. இடையில் புதிய ஆதாரம் எதுவும் கிடைத்துவிடவில்லை. ஒரு சாவும், அநேகமாக யாருமே வராத ஒரு சவ அடக்கமும், இரண்டு ஆண்டுகளும்தான் கடந்திருக்கின்றன. நடுவில் உள்ள ஐந்தாம் அத்தியாயத்தை விட்டுவிட்டு முதலையும் முடிவையும் மட்டும் ஒட்டிவைக்கும் கட்டுரைகள் இந்த நகர்வை முழுக்கத் தவறவிடுகின்றன.

இன்னொரு இடத்திலும் இந்தக் கேள்வி கட்டாயம் வேண்டும், அங்கே ஆசிரியர் நழுவிவிடக் கூடாது. வெள்ளை இனம் மூழ்கிப்போகப் போகிறது என்று டாம் முதல் அத்தியாயத்தில் பேசுவதை நிக் ஏளனமாகவே காட்டுகிறான். எனவே நிக் நம் பக்கம் என்று மாணவர்கள் நிம்மதியடைவார்கள். நான்காம் அத்தியாயத்தில் அதே நிக் யூதரான வுல்ஃப்ஷைமின் மூக்கை வர்ணிக்கும் விதத்தையும், குவீன்ஸ்பரோ பாலத்தில் வெள்ளைக்கார டிரைவர் ஓட்டும் காரில் வரும் மூன்று கறுப்பினத்தவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பதையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். அந்தக் காலம் அப்படி என்று ஒரு வரியில் கடந்துபோனால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் யூத, கறுப்பின, குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தோடு தனியாக விடப்படுவார்கள். முந்தின நாளே இன்ன பக்கம் வரப்போகிறது என்று சொல்லிவிட்டு, பார்ப்பது யார், எந்தக் கண்ணால் பார்க்கிறான் என்று வெளிப்படையாகப் பேசலாம். நிக்கை விசாரிக்கப் பழகிய வகுப்பு இதையும் தெளிவாகவே விசாரிக்கும்.

எழுதும்போது

பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி ஆங்கில இலக்கியத் தேர்வில், மாணவர்களே ஒரு நூலைத் தேர்ந்து எழுதும் மூன்றாவது கட்டுரைக்குப் பலர் கேட்ஸ்பியைத்தான் மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். புத்தகம் கையில் இருக்காது, பரிந்துரைக்கப்படும் நேரம் 40 நிமிடம். மதிப்பெண் ஆறு: மையக் கருத்துக்கு ஒன்று, ஆதாரத்துக்கும் அதை விளக்குவதற்கும் நான்கு, நுட்பமான பார்வைக்கு ஒன்று. கதைச் சுருக்கம் எழுதுபவர்கள் அந்த நான்கில்தான் வழுக்குகிறார்கள். மனப்பாட மேற்கோள் பத்து வேண்டாம். யார் பார்த்தது, யார் சொன்னது என்ற விவரத்தோடு மூன்று காட்சி போதும். ‘பச்சை விளக்கு அமெரிக்கக் கனவைக் குறிக்கிறது’ என்று தொடங்கினால் அடுத்த வாக்கியத்துக்கு வழி இல்லை. ‘தான் பார்க்காத மரணத்தை நிக் தானே கற்பனை செய்து, பிறகு அந்தக் கற்பனையையே கேட்ஸ்பியின் வாழ்க்கைக்கு அர்த்தமாக்குகிறான்’ என்று தொடங்கினால் குளம், படகுத்துறை, இடம் மாற்றி வைத்த டான் கோடி கதை மூன்றும் வரிசையில் வந்து நிற்கும். எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் அந்த மூன்றையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்ளலாம்.

வகுப்புக்குள் கடைசி வேலையாக ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். கேட்ஸ்பியின் மரணத்தை அந்த டிரைவர் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலமாக எழுதச் சொல்லுங்கள். நாவல் அவருக்குக் கொடுப்பது மிகக் கொஞ்சம்: மெத்தையோடு போனவரைப் பார்த்தார், உதவி வேண்டுமா என்று கேட்டார், பிறகு துப்பாக்கிச் சத்தம் காதில் விழுந்தது, அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்று மட்டும்தான் அவரால் பிற்பாடு சொல்ல முடிந்தது. பாதிப் பேர் டிரைவரை முதலாளியின் கனவைப் பற்றிப் புலம்ப வைத்துவிடுவார்கள். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு இளஞ்சிவப்புத் தாளை ஒட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். சரியாக எழுதிய வாக்குமூலம் ஆறேழு வரியைத் தாண்டாது, அதற்கு முழு மதிப்பெண்ணும் கொடுக்கலாம்.